நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



"மலருக்கு ஏதாவது பயனுள்ளதா எழுதிக் குடுடா தம்பி" என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எனக்கு வராது. லேத்தில் மரை வெட்டுவது பற்றி எழுதினால் நம் துறைக்காரர்கள் மட்டும்தான் படிப்பார்கள், அவர்களும் பரீட்சைக்கு முந்தின நாள்தான் படிப்பார்கள்! எனவே ஓராண்டாக நம் சுவர்ப் பத்திரிகையில் 'இந்த மாத நாவல்' பகுதியை எழுதி வரும் அனுபவத்தையே பாடமாகத் தருகிறேன். இந்த ஓராண்டில் நான் இரண்டு பெரிய தப்பு செய்தேன். பாடம் அந்தத் தப்பில் இருந்துதான் தொடங்குகிறது.

முதல் தப்பு

சென்ற ஆண்டு ஆடி மாதம். நூலகத்தில் ஒரு கனமான நாவல் வந்திருந்தது. பரிசு வாங்கிய நாவல். நாற்பது பக்கம் படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் புரியவில்லை என்று எழுத வெட்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 'இவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகுது' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பின்னட்டையில் இருந்ததை நாலு வார்த்தை மாற்றி, 'வாழ்வின் ஆழங்களைத் தொட்டுச் செல்லும் ஒப்பற்ற படைப்பு' என்று முடித்து ஒட்டிவிட்டேன்.

என் பெஞ்சில் உட்காரும் நண்பன் அதைப் படித்துவிட்டு நாவலை விலைக்கு வாங்கினான். 350 ரூபாய். அவனுக்கு அது சும்மா வந்த காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய் வாங்கிய ஒரு நாள் கூலி. இரண்டு வாரம் கழித்துக் கேட்டான்: "மாப்ள, நான் அம்பது பக்கத்தத் தாண்ட முடியல. உனக்கு இதுல எந்த இடம் பிடிச்சுது, சொல்லேன்?"

என்னால் ஒரு இடத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரி விடு, எனக்குத்தான் மண்டையில ஏறல போல" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு போனான். அதுதான் என்னைச் சுட்டது.

இரண்டாம் தப்பு

அடுத்த மாதம் ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை முழுசாகப் படித்துவிட்டேன் என்று காட்ட வேண்டுமே! முதல் பத்தியிலேயே கொலை செய்தவன் யார், எப்படிச் செய்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் புத்தகம் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதற்காக வரிசையில் காத்திருந்த ஆறேழு பேர் என்னைத் தேடி விடுதிக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தப்பித்தது என் அதிர்ஷ்டம்!

வீட்டில் கிடைத்த பாடம்

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறாள். படித்தது மூன்றாம் வகுப்பு. நான் ஆறாவது படிக்கும்போதிருந்தே, சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுற்றும்போது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாக்கெட் நாவல்களை உரக்கப் படித்துக் காட்டுவேன். (கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் சுற்றும்போது ஒருவர் செய்தித்தாளும் கதையும் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது என்று பின்னால் படித்தபோது, 'அட, நம்ம வீடு!' என்று தோன்றியது.)

அம்மா சும்மா கேட்க மாட்டாள். நடுவில் நிறுத்துவாள். "எய்யா, அந்தப் பிள்ள எதுக்கு நடுராத்திரி கதவத் தொறந்தா? ஊர்ல திருட்டு நடக்குன்னு தெரியும்லா? நம்ம வீட்ல தொறப்போமா?" என்பாள். இன்னொரு நாள், "இவன் கடைசிப் பக்கத்துல புதுசா ஒருத்தனக் கொண்டாந்து கொலைகாரன்னு சொல்லுதான். இது ஏமாத்து வேல" என்றாள்.

முதல் கேள்வி, பாத்திரம் தன் இயல்புப்படி நடக்கிறதா என்பது. இரண்டாவது, வாசகனுக்கு முன்கூட்டியே தடயம் காட்டப்பட்டதா என்பது. திறனாய்வு நூல்களில் பெரிய பெரிய வார்த்தையில் சொல்வதைத்தான் அம்மா பீடி இலையை நறுக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் அதை மதிப்புரை என்று அடையாளம் தெரியவில்லை.

மதிப்புரை எது? எது இல்லை?

கதைச் சுருக்கம் மதிப்புரை ஆகாது. பாராட்டுப் பத்திரமும் ஆகாது. கோபத்தில் நாலு சாத்து சாத்துவதும் ஆகாது.

நம் ஒர்க் ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாப் முடிந்ததும் என்ன செய்கிறோம்? வெர்னியர் காலிப்பரை எடுப்பதற்கு முன்னால் டிராயிங்கைப் பார்க்கிறோம். டிராயிங்கில் 25 மில்லிமீட்டர் என்று இருந்தால்தான் 25க்கு அளக்க முடியும். டிராயிங் பார்க்காமல் 'ஜாப் சரியில்லை' என்பவன் இன்ஸ்பெக்டர் இல்லை, வழிப்போக்கன்!

நாவலுக்கும் ஒரு டிராயிங் உண்டு. எழுத்தாளர் எதைச் செய்ய நினைத்தார் என்பதுதான் அது. அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதைச் சரியாகச் செய்தாரா என்று அளக்க வேண்டும். கடைசியாக, அது செய்யத் தகுந்த வேலைதானா என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மதிப்புரை. இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: முழுசாகப் படிக்க வேண்டும்

இது சொல்லவே தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் முழுசாகப் படிக்காமல் பேசியதால் வந்த வினையை நம் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010இல். நாலு ஆண்டு கழித்து, 2014 டிசம்பரில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. நாவலில் இருந்து சில பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்குத் தடை விதிக்க மறுத்தது. அதன்பின்தான் அவர் மீண்டும் எழுத வந்தார்.

அந்த நாவலைப் பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் உரிமை. ஆனால் நாலு பக்கத்தை வைத்து ஒரு புத்தகத்தை அளப்பது, ஒரு பல்லை மட்டும் பார்த்து முழு கியரையும் தள்ளுவது மாதிரி. பின்னட்டையைப் படித்துப் புகழ்ந்த நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன். அவர்கள் திட்டினார்கள், நான் புகழ்ந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

படி 2: எந்த வகை என்று பார்க்க வேண்டும்

துப்பறியும் கதை என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். கோவை ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய விவேக் – ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபா என்ற பெயரில் சேர்ந்து எழுதும் இருவரின் நரேந்திரன் – வைஜயந்தி ஆகியோர் எத்தனை வீட்டில் வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்கினார்கள்! தமிழ்த் துப்பறியும் கதைகளைப் பிரீதம் சக்ரவர்த்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் தொகுப்பாகவே கொண்டு வந்தது. இந்தியில் சுரேந்தர் மோகன் பாடக், டெலிபோன் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே நூற்றுக்கணக்கில் நாவல் எழுதினார்.

கணேஷ் – வசந்த் ஜோடியைத் தந்த சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கு உள்ளவர். 2008இல் காலமானார். தொழில்நுட்பம் படிக்கிறவனுக்கு எழுத்து வராது என்று சொல்பவர்களுக்கு அவர் ஒருவரே பதில்!

ஆக, துப்பறியும் நாவலைத் துப்பறியும் நாவலாக அளக்க வேண்டும். நான் பயன்படுத்தும் அளவுகோல்கள் இவை:

1. விடைக்கான தடயம் முன்னாலேயே நம் கண்ணில் பட்டதா? கடைசியில் திரும்பிப் பார்த்தால் 'அட, இங்கேயே சொல்லியிருக்காரே' என்று தோன்ற வேண்டும்.

2. முடிச்சு அவிழ்வது துப்பறிபவரின் புத்தியாலா, தற்செயலாலா?

3. தொழில்நுட்ப விவரம் சரியா? மோட்டார், பூட்டு, மின்சாரம் பற்றித் தப்பாக எழுதினால் நமக்குத் தெரியுமே! அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

4. சந்தேகம் யார் மேல் விழுகிறது? இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். பல கதைகளில் வாட்ச்மேன், டிரைவர், சமையல்காரி இவர்கள் மேல்தான் போலீசுக்கு முதல் சந்தேகம். அவர்களுக்கு ஒரு முகமோ மனசோ இருக்காது. என் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். அப்பா மாதிரி ஆட்கள் கதையில் சந்தேகப்படுவதற்கு மட்டும் வந்து போனால், அதையும் மதிப்புரையில் எழுத வேண்டும்.

படி 3: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

விடுதிக்கு ஆட்கள் தேடி வந்த பிறகு எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: புத்தகத்தின் முதல் கால் பங்கில் எழுத்தாளரே சொல்லிவிட்டதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு வருவதைத் தொடக்கூடாது.

இதற்கு நல்ல உதாரணம், அரவிந்த் அடிகா ஆங்கிலத்தில் எழுதி 2008இல் புக்கர் பரிசு வாங்கிய 'தி ஒயிட் டைகர்'. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐம்பது நாளில் படித்து முடித்தேன். பீகார் கிராமத்தில் ரிக்‌ஷா இழுப்பவரின் மகன் பல்ராம். தில்லியில் பணக்கார வீட்டு டிரைவர் ஆகிறான். தன் கதையைச் சீனப் பிரதமருக்குக் கடிதமாக ஏழு இரவுகளில் சொல்கிறான். முதலாளியைக் கொன்றது தான்தான் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறான்.

எனவே இதில் கொலைகாரன் யார் என்று சொன்னால் தப்பில்லை. எழுத்தாளரே அதை மறைக்கவில்லை. 'ஏன் கொன்றான், கொன்ற பிறகு என்ன ஆனான்' என்பதுதான் இங்கே முடிச்சு. அதை நான் சொல்ல மாட்டேன்! மற்ற கதைகளில் சந்தேகப்படுவதற்கு மட்டும் வரும் டிரைவர், இதில் தானே பேசுகிறான். இந்த நாவலின் டிராயிங் அதுதான். அந்த அளவுக்கு நாவல் பொருந்துகிறது என்பது என் முடிவு. 'பல்ராமைப் பார்த்துப் பரிதாபப்படுவதா பயப்படுவதா' என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. அதையும் சுவர்ப் பத்திரிகையில் அப்படியே எழுதினேன்.

படி 4: சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும்

சில நாவல்களில் போலீஸ் இருக்காது, துப்பாக்கி இருக்காது. ஆனாலும் வயிற்றைப் பிசையும். விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய 'காச்சர் கோச்சர்' அப்படிப்பட்ட சின்ன நாவல். பெங்களூரில் எறும்புத் தொல்லை உள்ள குட்டி வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பம், சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தால் திடீரென்று வசதிக்கு வருகிறது. காசு வந்ததும் அந்த வீட்டு மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதே கதை. பயங்கரமான எதையும் எழுத்தாளர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாமே ஊகித்து நாமே திடுக்கிடுகிறோம். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று இதற்கு எழுதினால், அளக்கத் தெரியாமல் கருவியைக் குறை சொல்வது போலாகும்.

படி 5: மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும்

இந்திய நாவல்களை நாம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம். கீதாஞ்சலி ஸ்ரீ இந்தியில் எழுதிய 'ரேத் சமாதி' டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2022இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. பரிசுத் தொகை 50,000 பவுண்டு. எழுத்தாளருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி! பரிசு கொடுப்பவர்களே சரிபாதி கொடுக்கும்போது, நாம் ஒரு வரியில் பெயரைச் சொல்வதற்கு என்ன கஷ்டம்? 'காச்சர் கோச்சர்' நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனவர் ஸ்ரீநாத் பேரூர். முந்தின படியிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இதோ சொல்லிவிட்டேன்.

படி 6: ஆதாரம் காட்ட வேண்டும்

'அருமை', 'சூப்பர்', 'வேஸ்ட்' என்று மட்டும் எழுதினால் அது வாசகம் இல்லாத முத்திரை. ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதாமல் ரிசல்ட் மட்டும் எழுதினால் ஆசிரியர் கையெழுத்துப் போடுவாரா? நாவலில் எந்த இடம், எந்தப் பாத்திரம், எந்தப் பேச்சு உங்களை அப்படி நினைக்க வைத்தது என்று காட்டுங்கள். புரியாவிட்டால் 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு ரீடிங்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மாதிரி மதிப்புரை

மேலே சொன்ன படிகளை வைத்து நான் எழுதிய ஒரு மதிப்புரையைச் சுருக்கித் தருகிறேன்.

'பூக்குழி. பெருமாள்முருகன் 2013இல் எழுதிய நாவல். அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. குமரேசன் சோடாத் தொழிலுக்காக வெளியூர் போன இடத்தில் சரோஜாவைக் காதலித்து, கல்யாணம் செய்து, தன் கிராமத்துக்குக் கூட்டி வருகிறான். அம்மா மாராயி வாசலிலேயே ஒப்பாரி வைக்கிறாள். வந்தவள் என்ன சாதி? ஊர் முழுவதும் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான்.

இது காதல் கதை மாதிரி தொடங்கினாலும், அன்பு இருந்தால் போதும் என்று நம்பும் இருவரை ஊர் எப்படிச் சுற்றி வளைக்கிறது என்று காட்டுவதே இதன் நோக்கம். பாறை மேல் இருக்கும் அந்தக் கொட்டகை வீட்டின் வெக்கையும், பேச ஆளில்லாத சரோஜாவின் தனிமையும் நம்மேல் இறங்குகின்றன. மாராயியின் வசவு சில இடங்களில் ஒரே மாதிரி திரும்ப வருவதாகத் தோன்றியது. கொங்கு வழக்கு தெற்கத்திக்காரனான எனக்கு முதலில் கொஞ்சம் தடுக்கியது, பிறகு பழகிவிட்டது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

இதை என் அம்மாவுக்குப் பதினோரு இரவு படித்துக் காட்டினேன். பாதியில் அம்மா பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னது: "மத்த கதையில கொலைகாரன் யாருன்னு தெரியாது, அதான் பயம். இதுல எல்லாரும் நமக்குத் தெரிஞ்ச ஆளாவே இருக்காங்க. இதுதான்யா பெரிய பயம்." இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.'

இந்த மதிப்புரை ஒட்டிய அன்று மாலைக்குள் நூலகத்தில் அந்த நாவலுக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க அம்மா எந்தக் காலேஜ்ல டீச்சர்?"

ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "நான் சொன்னத அப்படியேவா எழுதிப் போட்ட? எங்க, படி பாப்போம்" என்றாள். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அவள் சொன்ன வார்த்தையை எழுத்தில் இருந்து அவளுக்கே படித்துக் காட்டினேன்.

முடிவுரை

அந்த 350 ரூபாய் நாவல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நண்பனிடம் இரவல் வாங்கி, இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை படித்தேன். பிறகு 'முன்பு நான் எழுதியது பின்னட்டை. இப்போது எழுதுவதுதான் நான்' என்று தலைப்பிட்டு மறுபடியும் எழுதி ஒட்டினேன். எனக்குப் பிடித்த மூன்று இடங்களையும், இன்னும் புரியாத இரண்டு இடங்களையும் பக்க எண்ணோடு கொடுத்தேன். நண்பன் படித்துவிட்டு, "அந்த ரெண்டு இடந்தான் மாப்ள எனக்கும் புரியல" என்றான். தன் மண்டையைக் குறை சொல்வதை அவன் நிறுத்திவிட்டான். இப்போது நூறு பக்கம் தாண்டிவிட்டான்!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். 'புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு என்ன தகுதி' என்று ஒதுங்காதீர்கள். முழுசாகப் படித்திருக்க வேண்டும், தோன்றியதை மறைக்காமல் எழுத வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தகுதி இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: நம் எழுத்தை நம்பி ஒருவர் தன் ஒரு நாள் கூலியைக் கொடுத்துப் புத்தகம் வாங்கலாம். அந்தக் கூலிக்கு நாம் பொறுப்பு.

அடுத்த ஆண்டு சுவர்ப் பத்திரிகையில் 'இந்த மாத நாவல்' எழுதப் புதிய கைகள் தேவை. முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைகள் தயங்காமல் வாருங்கள்.

படியுங்கள்! அளந்து பாருங்கள்! உள்ளதை எழுதுங்கள்!